‘உணர்ச்சியைத் தூண்டும் சொல்’ என்று எழுதினால் போதாது

டர்பன் பள்ளிகளில் ஆங்கிலத் தேர்வில் ஒரு விளம்பரத்தையோ பத்திரிகைப் பத்தியையோ கொடுத்து, எழுதியவர் வாசகரை எப்படித் தன் பக்கம் இழுக்கிறார் என்று கேட்பது உண்டு. பிள்ளைகள் ‘உணர்ச்சியைத் தூண்டும் சொல்’, ‘மிகைப்படுத்தல்’, ‘பதில் வேண்டாத கேள்வி’ என்று உத்தியின் பெயரை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். பெரியவர்களும் இப்படித்தான். பெயர் சொல்லத் தெரிந்தால் விஷயம் பிடிபட்டுவிட்டது என்று நினைப்பதே முதல் தவறு. அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் படித்தால் வாக்கியத்தில் என்ன மிஞ்சுகிறது, எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் வேலை முடியும்.

இன்னொரு தவறு இதைவிட ஆபத்தானது. கண்ணீரும் கோபமும் உள்ள எழுத்துதான் நம்மைத் தூண்டும், வறண்ட அரசாங்க மொழி தூண்டாது என்று நம்பிவிடுகிறோம். தென்னாப்பிரிக்காவில் வாழ்கிறவர்கள் அப்படி நம்பவே கூடாது. 1952இல் இங்கே ஒரு சட்டம் வந்தது. அதன் பெயரிலேயே ‘பாஸ் ஒழிப்பு’ என்று இருந்தது. பாஸ் என்பது கறுப்பின மக்கள் நடமாடக் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டு. உண்மையில் அது பழைய பாஸ்களுக்குப் பதிலாக ஒரே புத்தகத்தைக் கொடுத்து, கறுப்பின மக்கள் மீதான பிடியை இறுக்கியது. 1959இல் ‘பல்கலைக்கழகக் கல்வி விரிவாக்கச் சட்டம்’ வந்தது. கேட்டால் இன்னும் நாலு கதவு திறந்தது போல இருக்கும். ஆனால் வெள்ளையர் அல்லாத மாணவர்கள் அதுவரை சேர முடிந்த பல்கலைக்கழகங்களை அவர்களுக்கு மூடிய சட்டம் அது. நம் இந்தியப் பிள்ளைகள் 1961 முதல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் இருந்த தனிக் கல்லூரிக்குப் படகேறிப் போனார்கள். இந்தப் பெயர்களில் ஒரு கோபச் சொல்கூட இல்லை. அதனால்தான் அவை அவ்வளவு நன்றாக வேலை செய்தன.

வினைச்சொற்களையும் நாம் கவனிப்பதில்லை. டர்பனின் இரண்டு பகுதிகளைப் பற்றிய ‘கேட்டோ மேனரிலிருந்து குடும்பங்கள் சாட்ஸ்வொர்த்துக்கு இடம் மாற்றப்பட்டன’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். மாற்றியது யார்? எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம், அதைக் கொண்டுவந்த அரசு, உத்தரவில் கையெழுத்திட்ட அதிகாரி, ஒருவரும் வாக்கியத்தில் இல்லை. ‘பட்டது’, ‘பட்டன’ என்று முடியும் வாக்கியத்தில் செய்தவரைத் தேடுங்கள். எல்லா இடத்திலும் அது ஏமாற்று இல்லை. செய்தவர் முக்கியமில்லாத இடமும் உண்டு. ஆனால் யாருக்காவது இழப்பு நேர்ந்த இடத்தில் செய்தவரைக் காணோம் என்றால் விடாமல் கேட்க வேண்டும்.

அப்புறம் எண்கள். 1984இல் இந்தியர்களுக்கும் நாடாளுமன்றத்தில் தனி அவை தந்தார்கள், அதிகாரத்தில் பங்கு என்றார்கள். வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்ற மூன்று அவைகளின் இடங்கள் முறையே 178, 85, 45. வெள்ளையர் அவையில் இருந்தவர்கள் மற்ற இரண்டு அவைகளும் சேர்ந்ததைவிட அதிகம். நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு எந்த அவையிலும் இடமில்லை. ‘பங்கு’ என்ற சொல்லில் பொய் இல்லை, எவ்வளவு பங்கு என்பதைத்தான் அந்தச் சொல் மறைத்தது. நம் மக்களில் மிகப் பெரும்பாலோர் அந்தத் தேர்தலில் வாக்களிக்கப் போகவில்லை. அவர்கள் சரியாகப் படித்தார்கள் என்றே நான் சொல்வேன்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, உத்தி இருந்தாலே புரட்டு என்று முடிவுகட்டுவதும் தவறுதான். 1964 ஏப்ரல் 20 அன்று நீதிமன்றத்தில் மண்டேலா பேசியதன் கடைசிப் பகுதி பலருக்கும் தெரியும். வெள்ளையர் ஆதிக்கத்தை எதிர்த்தேன், கறுப்பர் ஆதிக்கத்தையும் எதிர்த்தேன் என்று ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள். அது உத்திதான், தேர்ந்த உத்தி. அந்த இடத்தை மட்டும் கேட்டால் போதாது, முன்னால் உள்ளதையும் படியுங்கள். பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு அரசு செலவழித்த பணத்தை ஒப்பிடுகிறார்: கறுப்பினப் பிள்ளைக்கு ஏறத்தாழ 12 ராண்ட், வெள்ளையினப் பிள்ளைக்கு 144. அந்த 144 கேப் மாகாணத்துக்கு மட்டுமே உரியது, தன் கையில் கிடைத்தது அவ்வளவுதான் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். தன் ஆதாரத்தின் எல்லையைத் தானே காட்டுகிறவரின் பேச்சை நம்பிக் கேட்கலாம்.

பணம் போடச் சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுக்கு இந்தப் பொறுமை வருவதில்லை. “அக்கா, நம்ம கோவில் ஆளுங்க எல்லாரும் சேர்ந்துட்டாங்க, இன்னைக்கு ராத்திரியோட முடியுது” என்று தெரிந்த குரல் சொன்னால், பணம் எங்கே போகிறது என்று கேட்கக் கூச்சமாக இருக்கும். குரலின் அன்பையும் அவசரத்தையும் நாம் ஆதாரமாக எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பதிவைக் கேட்டுக் கேட்டு ஒரு தாளில் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். எழுதியதை வீட்டில் வேறொருவரிடம் கொடுத்து, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் படிக்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயர், பணத்தைத் திரும்பப் பெறும் வழி, பொறுப்பேற்கும் ஆள், இந்த மூன்றில் எது தாளில் இல்லையோ அதை அனுப்பியவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை பணம் அனுப்ப வேண்டாம்.