ராணுவ ஹெலிகாப்டர் பயிற்சி: அன்றும் இன்றும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றவர்களிடம் பயிற்சி நாட்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எந்தத் தலைமுறைக்காரராக இருந்தாலும் பேச்சு முதலில் ஹோவரில்தான் போய் நிற்கும். தரையிலிருந்து சில அடி உயரத்தில், அசையாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாளில் அது அநேகமாக யாருக்கும் வராது.

வராமல் போவதற்குப் பெரிய காரணம், குச்சியை இறுக்கிப் பிடிப்பது. வலது கையில் இருக்கும் சைக்ளிக் என்ற அந்தக் குச்சிதான், தலைக்கு மேல் சுழலும் இறக்கைகளான ரோட்டரின் வட்டத்தைச் சாய்த்து ஹெலிகாப்டரை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்துகிறது. ஆனால் கை அசைந்ததும் ஹெலிகாப்டர் உடனே நகர்ந்துவிடாது, ஒரு கணம் பிடிக்கும். அதைப் பொறுக்காத மாணவர் இன்னும் கொஞ்சம் தள்ளுவார். இரண்டு தள்ளலும் சேர்ந்து வேலை செய்யும்போது பதறிப்போய் எதிர்ப்பக்கம் இழுப்பார். நாலைந்து ஊசலுக்குள் பயிற்றுநர் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, என்ன செய்யலாம்? முன்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு விரல் நுனியால் பிடியுங்கள். குச்சியை நகர்த்த நினைக்காதீர்கள், லேசாக அழுத்தினாலே போதும். பார்வை ஹெலிகாப்டரின் மூக்குக்குக் கீழே இருக்கும் புல்லில் இருக்கக் கூடாது. பக்கத்தில் பார்த்தால் சின்ன அசைவும் பெரிதாகத் தெரியும், கையும் அதைத் துரத்திக்கொண்டு ஓடும். தூரத்தில் ஒரு மரத்தைப் பார்த்தால் கை தானாக அடங்கும்.

அந்தக் காலத்தில் இதன்மேல் இன்னொரு சுமையும் இருந்தது. வியட்நாம் போர் நடந்தபோது அமெரிக்கத் தரைப்படையின் ஹெலிகாப்டர் விமானிகள் அரிச்சுவடி படித்தது டெக்சாஸில், மினரல் வெல்ஸ் ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஃபோர்ட் வோல்டர்ஸில். 1956 முதல் 1973 வரை அங்கே சுமார் 40,000 பேர் பயின்றார்கள். அவர்களில் நிறையப் பேருடைய முதல் ஹெலிகாப்டர் ஹியூஸ் நிறுவனத்தின் டிஎச்-55. பிஸ்டன் எஞ்சின். ரோட்டர் வேகத்தைத் தானாகச் சீராக வைத்திருக்கும் கவர்னர் கிடையாது. இடது கையில் இருக்கும் கலெக்டிவ் என்ற நெம்புகோலை உயர்த்தினால் இறக்கைகளின் கோணம் கூடும், எஞ்சினுக்குச் சுமை ஏறும், சுழற்சி விழும். அதே கையால் எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முறுக்கி அதை ஈடுகட்ட வேண்டும். சக்தி கூடினால் மூக்கு வலப்பக்கம் திரும்பும், உடனே வால் ரோட்டரை இயக்கும் இடது பெடல். அதை மிதித்தால் வால் ரோட்டர் கொஞ்சம் சக்தியைத் தின்னும், மறுபடி த்ராட்டில். இதில் மாணவர்கள் செய்த தவறு சுழற்சி வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளையே வெறித்துப் பார்ப்பது. முள் சரியாக நிற்கும், ஹெலிகாப்டர் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். எஞ்சின் சத்தத்தைக் காதால் பிடித்தவர்களுக்குத்தான் வேலை சுலபமானது.

பிறகு டர்பைன் எஞ்சினும் கவர்னரும் வந்தன. 1993 முதல் பெல் 206 வகையைச் சேர்ந்த டிஎச்-67, 2010களின் நடுவிலிருந்து அலபாமாவின் ஃபோர்ட் ரக்கரில் இரட்டை எஞ்சினும் ஆட்டோபைலட்டும் கொண்ட யுஎச்-72 லகோட்டா. இந்த மாற்றத்தைப் பார்த்துப் பழையவர்களில் சிலர் "இப்போது பிள்ளைகளுக்கு எல்லாம் சுலபம்" என்கிறார்கள். அது நியாயமில்லை. மிச்சமான நேரத்தில் இன்றைய மாணவர் கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பது, இருட்டில் பார்க்க உதவும் இரவுக் கண்ணாடி போட்டுப் பறப்பது, திரைகளை நிர்வகிப்பது என்று அன்று இந்த அளவுக்கு இல்லாத பாரங்களைச் சுமக்கிறார். இரவுக் கண்ணாடியில் தெரிவது சுமார் 40 பாகை அகலம்தான். தலையைத் திருப்பிக்கொண்டே இராமல் நேரே பார்த்து உட்கார்ந்திருப்பது அங்கே பெரிய தவறு.

என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. இயந்திரம் நிலைநிறுத்திக் கொடுத்த ஹோவரைத் தன் கை செய்ததாக மாணவர் நம்பிவிடுவது. நிலைப்படுத்தும் அமைப்பு ஒருநாள் பழுதானால் அந்தக் கை முதல் நாள் கையாகிவிடும். அதை அணைத்துவிட்டுப் பறக்கும் பயிற்சியைத் தண்டனை மாதிரி பார்க்காமல், பயிற்றுநரிடம் கேட்டு வாங்கிச் செய்ய வேண்டும். அமெரிக்கத் தரைப்படையே தொடக்கப் பயிற்சிக்கு மறுபடி எளிய ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டருக்குத் திரும்பத் திட்டமிட்டிருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

அடுத்து ஆட்டோரொட்டேஷன், அதாவது எஞ்சின் நின்ற பிறகு கீழிருந்து மேலே வரும் காற்றாலேயே ரோட்டரைச் சுழலவைத்துப் பத்திரமாக இறங்குவது. முதல் தவறு தாமதம். எஞ்சின் நின்றதா என்று யோசிக்கும் நேரத்தில் சுழற்சி விழுந்துவிடும், விழுந்ததை மீட்க உயரம் இருக்காது. கலெக்டிவை உடனே இறக்கிவிட வேண்டும், யோசனையெல்லாம் அப்புறம். இரண்டாவது தவறு கடைசியில் வரும் அவசரம். மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறைத்த பிறகு, தரை நெருங்கும்போது பயந்து கலெக்டிவைச் சீக்கிரமே இழுத்துவிடுவது. ரோட்டரில் சேர்ந்திருந்த சக்தி பத்தடி உயரத்திலேயே தீர்ந்துபோகும், மீதியைக் கல்லாக விழ வேண்டியிருக்கும். வியட்நாம் போரில் பறந்த ஹ்யூயி ஹெலிகாப்டரின் இரண்டு இறக்கைகளும் கனமானவை, நிறையச் சக்தியைச் சேர்த்துவைக்கும், சின்னப் பிழையை மன்னிக்கும். டிஎச்-55 அந்தளவு மன்னிக்காது. ஒன்றில் பழகிய தாராளத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோவது ஆபத்து. அன்று தரையைத் தொடும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். லகோட்டாவில் தரைக்கு மேலேயே எஞ்சின் சக்தியோடு மீண்டுவிடுகிறார்கள். விபத்து குறையும் என்பது புரிகிறது. ஆனால் அந்தக் கடைசி இரண்டு விநாடியைத் தொட்டுப் பார்க்காத கை, அதைத் தெரிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது. நல்ல சிமுலேட்டரில் ஓரளவு ஈடுகட்டலாம்.

வேறு மூன்று ஆபத்துகளில், உள்ளுணர்வு சொல்வதைச் செய்வதுதான் தவறு. வேகம் குறைந்த நிலையில் சக்தி கொடுத்துக்கொண்டே செங்குத்தாக இறங்கினால் ஹெலிகாப்டர் தன் காற்றுச் சுழலுக்குள்ளேயே அமிழும். கலெக்டிவை இழுத்தால் இன்னும் வேகமாக அமிழும். முன்னால் தள்ளி வெளியே வர வேண்டும். சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் சறுக்குக்கால் தரையில் மாட்டிச் சாயத் தொடங்கினால், மேலே எழும்பித் தப்ப நினைக்கக் கூடாது. கலெக்டிவை நிதானமாக இறக்க வேண்டும். ஹ்யூயி, கோப்ரா போன்ற இரண்டு இறக்கை ஹெலிகாப்டர்களில் மேட்டைத் தாண்டியதும் மூக்கைச் சட்டென்று அமுக்கினால் எடை இல்லாத நிலை வரும், ஹெலிகாப்டர் வலப்பக்கம் உருளும். அப்போது இடப்பக்கம் தள்ளினால் ரோட்டரின் தலைப்பகுதி அதைத் தாங்கும் தண்டிலேயே மோதி முறிந்துவிடலாம். முதலில் சைக்ளிக்கைப் பின்னால் மெதுவாக இழுத்து ரோட்டருக்குச் சுமையைத் திரும்பக் கொடுக்க வேண்டும், உருளலைச் சரிசெய்வது பிறகு.

குறுகிய இடத்தில் இறங்குவதற்கு வோல்டர்ஸ் பயிற்றுநர்கள் நிறம் பூசிய டயர்களைத் தரையில் போட்டு வைத்திருந்தார்கள். நிறத்தை வைத்தே அந்த இடம் எவ்வளவு கடினம் என்று தெரிந்துவிடும். நிஜத்தில் யாரும் டயர் போட்டு வைப்பதில்லை. அதனால் உள்ளே இறங்கிய பிறகு வெளியேறும் வழி தேடாதீர்கள். காற்று எந்தப் பக்கம், மரங்களைத் தாண்டி ஏறச் சக்தி மிச்சம் இருக்கிறதா என்பதை மேலிருந்தே பார்த்துவிடுங்கள்.

வேறு நாட்டு ஹெலிகாப்டருக்கு மாறும்போது கால் பழக்கம் காலை வாரும். அமெரிக்க ரோட்டர்களுக்கு எதிர்த்திசையில் சுழல்பவை அலுவெட் போன்ற பிரெஞ்சு ஹெலிகாப்டர்கள். சக்தியைக் கூட்டினால் அங்கே வலது பெடல் வேண்டும். முதல் சில பறப்புகளில் ஒவ்வொரு முறை கலெக்டிவை உயர்த்தும் முன்பும் எந்தக் கால் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வது நல்லது.

கடைசியாக, கட்டுப்பாட்டைக் கைமாற்றுவது. யார் ஓட்டுகிறார் என்று இருவருக்குமே தெரியாமல் போய் ஹெலிகாப்டர் தானாகச் சரிவது இன்றும் நடக்கக்கூடிய தவறு. தலையசைப்பு போதாது. கொடுப்பவர் சொல்ல வேண்டும், வாங்குபவர் வாங்கிவிட்டேன் என்று சொல்ல வேண்டும், கொடுத்தவர் கையை எடுக்கும் முன் அதை மறுபடி உறுதிசெய்ய வேண்டும். மூன்றில் ஒன்று காதில் விழவில்லையென்றால் கையை எடுக்காதீர்கள்.