வீட்டுக்குள் அடைந்திருக்கும் காலத்தில் சிகரெட்டை விடுவது எப்படி

கொரோனாவுக்காக மறுபடி ஊரடங்கு வந்ததும் நண்பர்கள் இரண்டு பேர் கேட்டார்கள்: "ஏற்கெனவே தலைக்கு மேல் கவலை, இப்போது போய் சிகரெட்டை விட முடியுமா?" இப்போதுதான் முடியும் என்றேன். முதல் ஊரடங்கில் நான் விட்டவன். என் அனுபவத்தில், அடித்த தம்மில் பெரும்பகுதி இடத்துக்காக அடித்தது. அலுவலக மாடிப்படி, பேருந்து நிறுத்தம், கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் யாராவது நீட்டும் பாக்கெட். கதவைச் சாத்தியதும் அத்தனை இடமும் ஒரே நாளில் காணாமல் போனது. மிச்சம் இருப்பது வீட்டுக்குள் ஒரு சில மூலைகள்தான். அவற்றைச் சமாளிக்கலாம்.

முதல் வேலை, நிறுத்துவதற்கு முன் இரண்டு நாள் ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சிகரெட்டையும் எங்கே, எதற்குப் பிறகு பற்ற வைத்தீர்கள் என்று எழுதுவது. எனக்குத் தொலைபேசியில் வாடிக்கையாளர் புகார் கேட்கும் வேலை. என் தாளில் இருந்தவை: எழுந்ததும் பால்கனி, காபி, யாராவது கத்திவிட்டு போனை வைத்ததும், இரவுச் செய்தியில் தொற்று எண்ணிக்கை பார்த்ததும். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் எதிரே வேறு ஒரு காரியம் எழுதினேன். பால்கனி நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டு, அந்த இடம் முழுக்கத் துணி காயப்போட்டேன். திட்டு வாங்கிய அழைப்பு முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன். செய்தியை இரவிலிருந்து காலைக்கு மாற்றினேன், அதுவும் ஒரு தடவை மட்டும். சிகரெட் ஆசை ஒரு தடவை வந்தால் சில நிமிடங்களில் தானாக இறங்கிவிடும். அந்த நிமிடங்களில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தால் பாதி வேலை முடிந்தது.

குறைத்துக் குறைத்து விடலாம் என்று பலர் சொல்வார்கள். வீட்டிலேயே இருக்கும்போது அதை நான் நம்பமாட்டேன். மிச்சமிருக்கும் அந்த நான்கு சிகரெட்டின் நினைப்பிலேயே பகல் முழுக்கப் போய்விடும். 2016-ல் வெளியான ஓர் ஆய்விலும், சுமார் 700 பேரில் ஒரு நாளைக் குறித்து ஒரேயடியாக நிறுத்தியவர்களே, படிப்படியாகக் குறைத்தவர்களைவிட அதிகம் தாக்குப்பிடித்தார்கள். அதனால் நாளைக் குறியுங்கள், முந்தைய இரவே இருப்பு வைத்த பாக்கெட், லைட்டர், சாம்பல் கிண்ணம் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். கடை மூடினால் தானாக நின்றுவிடும் என்று காத்திருக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் 2020 மார்ச் இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை சிகரெட் விற்பனைக்கே தடை இருந்தது. கள்ளச்சந்தையில் கூடுதல் விலை கொடுத்து வாங்கிப் புகைத்தவர்கள் ஏராளம்.

முதல் மூன்று நாள்தான் கடுமை. எரிச்சல், தலைவலி, தூக்கக் குறைவு எல்லாம் அப்போது உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் அடங்கும். ஒரே கூரையின் கீழ் எல்லோரும் இருப்பதால் முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுங்கள். "இந்த வாரம் நான் எது பேசினாலும் கணக்கில் எடுக்காதே" என்றேன் மனைவியிடம். "எந்த வாரம் எடுத்தேன்?" என்றாள். சரி, அனுமதி கிடைத்தது.

தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச், வாயில் மெல்லும் நிக்கோட்டின் கம் இரண்டையும் நாள் குறிக்கும்போதே வரவழைத்து வைத்துக்கொள்வது நல்லது. மன உறுதி இருந்தால் போதும் என்ற பேச்சை விடுங்கள். பேட்ச் நாள் முழுக்கச் சீராக நிக்கோட்டினைக் கொடுக்கும். திடீரென்று வரும் ஆசைக்குக் கம். இரண்டும் சேரும்போது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பலன் அதிகம். நாளைக்குப் பத்துக்கு மேல் புகைத்தவர்கள் பொதுவாக 21 மில்லிகிராம் பேட்ச்சில் தொடங்குவார்கள். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிப்பவர் என்றால் 4 மில்லிகிராம் கம், இல்லையென்றால் 2. கம்மைத் தொடர்ந்து சவைக்கக் கூடாது. மெதுவாக மென்று, சுர்ரென்று வந்ததும் கன்னத்தின் ஓரம் ஒதுக்கி வைக்க வேண்டும். அது அடங்கியதும் மறுபடி மெல்லலாம், மொத்தம் அரை மணி நேரம். காபி, பழச்சாறு குடித்துக் கால் மணி நேரமாவது ஆன பிறகே வாயில் போடுங்கள். வாய் புளித்திருந்தால் நிக்கோட்டின் உள்ளே ஏறாது. சிகரெட்டை விட உதவும் வரெனிக்ளின், புப்ரோபியான் மாத்திரைகள் மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டும். இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கம்முக்கே மருத்துவரைக் கேளுங்கள், தொலைபேசியில் கேட்டாலும் போதும்.

காபி விஷயம் யாரும் சொல்லாத ஒன்று. புகையில் உள்ள தார், காபியில் இருக்கும் காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடுகிறது. புகையை நிறுத்தினால் சில நாட்களில் அந்த நொதி பழைய அளவுக்கு இறங்கும். காஃபீன் உடம்பில் அதிக நேரம் தங்கும். வழக்கமான காபியையே குடித்துவிட்டுக் கை நடுங்குகிறது, படபடக்கிறது, சிகரெட் இல்லாமல் முடியவில்லை என்று நினைத்துக்கொள்வோம். நிறுத்தும் நாளிலிருந்து காபியைப் பாதியாக்குங்கள். இதே காரணத்தால் குளோசாபின் (மனநல மருந்து), தியோஃபிலின் (ஆஸ்துமா மருந்து) எடுப்பவர்கள் புகையை விடும் முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது இருமல். தொற்றுக் காலத்தில் இது ஆளையே கலங்கடித்துவிடும். மூச்சுக்குழாயில் அழுக்கைத் தள்ளும் நுண்மயிர்கள் புகை நின்றதும் மறுபடி வேலை செய்யத் தொடங்குவதால், முதல் வாரங்களில் சிலருக்கு இருமலும் சளியும் கூடும். ஆனால் சிகரெட்டை விட்டதால் காய்ச்சல் வராது. வாசனை உணர்வும் போகாது, நாளாக ஆகக் கூடத்தான் செய்யும். காய்ச்சல், வாசனை இழப்பு, மூச்சுத் திணறல் இருந்தால் பரிசோதனைதான். இருமல் மட்டும் என்றாலும் சந்தேகம் இருந்தால் பரிசோதித்துவிடுவதே நிம்மதி. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பார்த்து "தம் அடித்தும் 98 காட்டுகிறது" என்று மகிழ்பவர்களுக்கு ஒரு தகவல்: புகையிலிருந்து இரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடை அந்தக் கருவி ஆக்சிஜனிலிருந்து பிரித்தறியாது. எண் உள்ளதைவிட உயர்ந்து தெரியலாம்.

நிக்கோட்டின் கொரோனாவைத் தடுக்கும் என்று சுற்றிய செய்தியை வைத்து யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். புகைப்பவர்களுக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார அமைப்பு 2020 மே மாதமே சொல்லிவிட்டது. முகக்கவசத்தை இறக்கி விரலை உதட்டுக்குக் கொண்டுபோவது தனிக் கணக்கு.

உண்மையான சோதனை ஊரடங்கு முடியும்போது வரும். காணாமல் போன இடங்கள் எல்லாம் ஒரே காலையில் திரும்ப வரும். மாடிப்படியைப் பார்த்ததும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். எனவே அலுவலகம் திறக்கும் முந்தைய வாரம் இரண்டாவது தாள் எழுதுங்கள், இந்த முறை வெளி இடங்களுக்கு. கூட வேலை செய்பவர்களுக்கு முன்பே செய்தி அனுப்புங்கள்: "சாப்பிடக் கூப்பிடுங்க, தம் அடிக்க வேண்டாம்." எனக்கு ஒருவர் "பார்க்கலாம்" என்று பதில் போட்டார். முதல் சில வாரம் வேறு படிக்கட்டில் ஏறுங்கள். கம்மை வழக்கமாக 12 வாரத்துக்குள் குறைத்து நிறுத்தச் சொல்வார்கள். அது முடிந்த பிறகு அலுவலகம் திறப்பதாக இருந்தால், அந்த முதல் நாட்களுக்கு மட்டும் ஓர் அட்டை கம் வைத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.