தனி ஊராட்சி இல்லாத டெல்டா சிற்றூரின் வரலாற்றைத் தொகுக்கும் முறை

தனி ஊராட்சியாக இல்லாத சிற்றூரின் வரலாற்றை எழுத முனைவோர், முதலில் அது சேர்ந்துள்ள தாய்க்கிராமத்தின் நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் (புல எண் வாரியாக நிலங்களின் விவரம் கொண்டது) புல வரைபடத்தையும் பார்க்க வேண்டும். களம், வாய்க்கால், மயானம் ஆகிய புறம்போக்குகளைக் கொண்டே குடியிருப்பின் பழைய எல்லையை ஓரளவு கணிக்கலாம். நாகப்பட்டினம் 1991-லும் திருவாரூர் 1997-லும் மயிலாடுதுறை 2020-லும்தான் தனி மாவட்டங்களாயின என்பதால், பழைய ஆவணங்களைத் தஞ்சாவூர் மாவட்டத்தின் பெயரிலேயே தேட வேண்டும்.

முதியோரிடம் ஆண்டைக் கேட்பதில் பயனில்லை (தம் வயதையே உத்தேசமாகத்தான் சொல்வார்கள்). 1952-ஆம் ஆண்டுப் புயலுக்கு முன்பா, 1977-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின்பா என்று கேட்டால், எவர் வீட்டுக் கூரை பறந்தது, எந்தத் தென்னந்தோப்பு சாய்ந்தது என்பதுவரை சொல்வார்கள்.

நிலவுடைமையாளர் வாழும் மேலத்தெருவில் மட்டும் விசாரித்து எழுதுவது பாதி வரலாறே. 1952-இல் வந்த தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வாரமும் (விளைச்சலைப் பங்கிடும் விகிதம்) கூலியும் உண்மையில் எவ்வளவு மாறின என்பதை, வாய்க்காலுக்கு அப்பாலுள்ள உழைப்பாளர் தெருவினரிடமே கேட்டு எழுத வேண்டும்.