"ம்" கொட்டினால் மட்டும் போதாது

ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் வாயைத் திறப்பதற்குள் ஆகும் நேரம் சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது இதை. ஆனால் ஒரே ஒரு சொல்லை மனதில் எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே அரை நொடிக்கு மேல் ஆகும். கணக்கு இடிக்கிறதல்லவா? அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைக் கோக்க ஆரம்பித்துவிடுகிறோம். அவருடைய கடைசி வாக்கியம் காதில் விழுகிறது, மனதில் தங்குவதில்லை. தயங்கித் தயங்கிப் பேசுபவர்கள் முக்கியமானதை வைத்திருப்பதோ அந்தக் கடைசி வாக்கியத்தில்தான்.

அதனால் நன்றாகக் கேட்க வேண்டுமென்றால், அவர் நிறுத்தியதும் மனதுக்குள் "ஒண்ணு, ரெண்டு" எண்ணிவிட்டுப் பேசுங்கள். பல நேரம் நீங்கள் பேசவே வேண்டியிருக்காது, "அதுமட்டுமில்ல..." என்று அவரே தொடர்வார். போனில் இது செல்லாது. இரண்டு நொடி சத்தமில்லை என்றால் "ஹலோ, கேட்குதா?" என்று பேச்சு அறுந்துவிடும். அங்கே "ம்" சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

நேரில் பேசும்போது போனைப் பையில் போடுங்கள். மேஜையில் கவிழ்த்து வைத்தாலும் அது அதிர்ந்ததும் கண் அங்கேதான் போகும்.

தமிழில் "கேள்" என்ற ஒரே வினைதான் காது கொடுப்பதற்கும் வினவுவதற்கும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முடிகிறது. ஆனால் எந்தக் கேள்வி என்பதில் கவனம் வேண்டும். "ஏன் அப்படிப் பண்ணே?" என்றால் விசாரணை மாதிரி ஆகிவிடும், எதிராளி காரணம் தேட ஆரம்பிப்பார். "அப்புறம் என்ன ஆச்சு?" என்றால் நடந்ததைச் சொல்வார்.

அலுவலகத்தில் பதில் எந்த வினைச்சொல்லில் முடிகிறது என்று கவனியுங்கள். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடுமா?" என்று கேட்கிறீர்கள். "முயற்சி பண்றேன் சார்" என்று பதில் வருகிறது. அதை "சரி" என்று குறித்துக்கொள்பவர்தான் வெள்ளி மாலை கத்துகிறார். அந்தப் பதிலில் "முடியாது" பாதி ஒளிந்திருக்கிறது. உடனே, "எந்த இடத்துல சிக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். "டெஸ்டிங்குக்கு ஆள் இல்ல சார்" என்று வந்தால், பேசவேண்டிய விஷயம் கைக்கு வந்துவிட்டது. "பாத்துக்கலாம்", "பண்ணிரலாம்" இரண்டுக்கும் இதே மருந்துதான். பிரிவதற்கு முன் என்ன வேலை, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றையும் உங்கள் வாயால் ஒருமுறை சொல்லி, "சரிதானே?" என்று முடியுங்கள். அவர் சொன்ன வார்த்தைகளையே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தால் கேலி செய்வதாகத் தோன்றும். நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்லுங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

வீட்டில் விஷயம் இன்னும் நுணுக்கம். ஊரிலிருக்கும் அம்மா "நல்லா இருக்கேன்" என்பதற்கும் "நல்லாத்தான் இருக்கேன்" என்பதற்கும் நடுவில் ஒரு "தான்" இருக்கிறது. அதற்குப் பின்னால் முழங்கால் வலியோ பக்கத்து வீட்டுச் சண்டையோ இருக்கலாம். "என்னம்மா, குரல் ஒரு மாதிரியா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். "ஒண்ணுமில்லப்பா" என்று முதலில் வரும். அவசரப்பட்டு அடுத்த பேச்சுக்குத் தாவாதீர்கள்.

பேச்சைக் கொல்வதில் மூன்று வாக்கியங்கள் படு கெட்டி: "இதுக்குப் போயா?", "அதான் நான் அப்பவே சொன்னேன்ல?", "எனக்கும் இப்படித்தான் ஒருதடவை..." மூன்றாவதைத்தான் நல்லவர்கள் அதிகம் சொல்கிறார்கள். ஆறுதல் என்று நினைத்துத்தான். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து கதை உங்களுடையதாகிவிடுகிறது.

அறிவுரையும் அப்படித்தான். கணவனோ மனைவியோ மேலதிகாரியைத் திட்டித் தீர்க்கும்போது "வேற வேலை தேடு" என்றால் சண்டை நிச்சயம். "நான் ஏதாச்சும் பண்ணணுமா, இல்ல கேட்டாப் போதுமா?" என்று முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே நேரமில்லையா? பாதிக் காதோடு கேட்பதைவிட, "இப்ப முடியாது, ஏழரைக்கு நானே கூப்பிடுறேன்" என்பது மேல். ஏழரைக்குக் கூப்பிடவும் வேண்டும். ஒருமுறை தவறினால் அடுத்த தடவை அவர் சொல்லவே வரமாட்டார்.

தேறியிருக்கிறோமா என்று பார்க்கத் தினமும் ஒரு பத்து நிமிடப் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் அவர் சொன்ன மூன்று விஷயங்களை நினைவிலிருந்து எழுதுங்கள். நீங்கள் சொன்னதுதான் முதலில் ஞாபகம் வருகிறதென்றால், மறுபடியும் "ஒண்ணு, ரெண்டு"விலிருந்து தொடங்க வேண்டியதுதான்.