குஞ்சுக் கொட்டகையில் கேஸ் புரூடரைச் சரிசெய்த என் அனுபவம்

மன்னார்குடிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மின்சாரம் அடிக்கடி நின்றுவிடுவதால், முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டியிருக்கும் கோழிக்குஞ்சுகளுக்கு நான் கேஸ் புரூடர் என்னும் எரிவாயுச் சூடேற்றியையே நம்பியிருக்கிறேன். சென்ற பருவத்தில் அதன் சுடர் மஞ்சளாகி, மேல்தகட்டில் கரி படிந்தது. போதிய காற்றின்றி எரியும்போது நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகும் என்பதால், உடனே வால்வை மூடிவிட்டுச் சாக்குப் படுதாக்களைச் சுருட்டினேன். பர்னரின் காற்றுத் துளையை உமித்தூசியும் சிலந்தி வலையும் அடைத்திருந்தன. ஆறியபின் மெல்லிய தூரிகையால் துடைத்ததும் சுடர் நீலமாயிற்று.

அதோடு விடவில்லை. சிலிண்டரை வெளித் தாழ்வாரத்தில் நிமிர்த்தி வைத்து, வெடிப்பு கண்டிருந்த ரப்பர் குழாயை மாற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். (தீக்குச்சியைக் கிழித்துக் கசிவு தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அந்தத் துணிச்சல் எனக்கு வேண்டாம்.) எரிவாயுவில் உள்ள புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது, கசிந்தால் தரையோரம் தேங்கும். ஆகவே படுதாவின் உச்சியில் மட்டுமன்றி அடியிலும் ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறேன். அதன் வழியே நுழையும் வாடைக்காற்று குஞ்சுகள்மேல் படாதவாறு, வட்டமாக நிறுத்திய தகரத் தடுப்பு மறைத்துக்கொள்கிறது.