பிளஸ் டூ முடித்தவர்கள் அரசு உதவித்தொகையைத் தவறவிடும் இடங்கள்

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவர்களுக்கு மாநில அரசும் ஒன்றிய அரசும் வழங்கும் உதவித்தொகைகள் எண்ணிக்கையில் குறைவானவை அல்ல. தகுதியிருந்தும் பணம் கைக்கு வராமல் போனவர்களிடம் விசாரித்தால், திட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களைக் காட்டிலும், தெரிந்து விண்ணப்பித்துப் பாதி வழியில் நின்றவர்களே மிகுதியாகத் தென்படுகிறார்கள். ஒரே மாணவரைப் பற்றிப் பள்ளியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் வங்கியிலும் கல்லூரியிலும் உள்ள பதிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். இம்முரண்பாடுகளைக் கல்லூரி திறந்த பிறகு சரிசெய்வது கடினம். தேர்வு முடிவுக்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் இடைப்பட்ட வாரங்களே அதற்கு உகந்தவை.

தகுதியைத் தவறாகக் கணக்கிடுவது

முதல் தவறு, எல்லாத் திட்டங்களுக்கும் ஒரே அளவுகோல் என்று எண்ணிக்கொள்வது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய) கல்வி உதவித்தொகைக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான உதவித்தொகைக்கும் அதே வரம்புதான். ஒன்றியக் கல்வி அமைச்சகம் கல்லூரி மாணவர்களுக்கு வழங்கும் மத்தியத் துறை உதவித்தொகைக்கோ குடும்ப வருமானம் 4.5 லட்சம் வரை இருக்கலாம். தொழில்நுட்பக் கல்லூரிகளில் சேரும் மாணவியருக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வழங்கும் பிரகதி திட்டத்தில் வரம்பு 8 லட்சம். ஆண்டு வருமானம் மூன்று லட்சம் என்றவுடன் நமக்கு எதுவும் கிடைக்காது என்று ஒதுங்கிவிடும் குடும்பங்கள், பிந்தைய இரண்டையும் பார்க்காமலே விட்டுவிடுகின்றன.

மதிப்பெண் விஷயத்திலும் இத்தகைய குழப்பம் உண்டு. மத்தியத் துறை உதவித்தொகைக்குக் கேட்கப்படுவது 80 விழுக்காடு மதிப்பெண் அன்று. தத்தம் தேர்வு வாரியத்தில், தத்தம் பாடப்பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களுள் முதல் 20 விழுக்காட்டினருக்குள் வர வேண்டும் என்பதே நிபந்தனை. எனவே 85 விழுக்காடு எடுத்தவர் விடுபடவும் கூடும்; வாரியத்தின் வரம்பு எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். இதில் பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுபவர் இதனைப் பெற இயலாது என்பதால், கையில் உள்ளதையும் வரப்போவதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் விண்ணப்பிப்பது பின்னால் சிக்கலில் முடியும்.

படித்த பள்ளி எந்த வகையைச் சேர்ந்தது என்பதில் நேரும் தவறு இன்னும் பரவலானது. பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதல் நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டின் கீழ்ச் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் அது ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு உரியது. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறை ஆகியவற்றின் பள்ளிகள் இதில் அடங்கும். அரசு உதவிபெறும் பள்ளிகள் அடங்கா. மாறாக, மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இடமுண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் முதலில் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டுமே உரியதாக இருந்ததால், உதவிபெறும் பள்ளியில் படித்தவர்கள் அந்தப் பழைய செய்தியை நம்பி இன்றும் விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இவற்றுக்குத் தகுதி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பில் சேருபவருக்கான கட்டணச் சலுகையாகிய முதல் பட்டதாரி சலுகையைப் பொறுத்தவரை மூன்று செய்திகள் போதும்: அது ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் தொழிற்படிப்பில் சேர்ந்தவர்களுக்கு உரியது, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கிடைக்காது, அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே இச்சலுகையைப் பெற்றிருந்தால் தம்பி தங்கைக்கு மீண்டும் கிடைக்காது. கலந்தாய்வில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, வீட்டுக்கு அருகில் உள்ள கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வதற்கு முன், இழக்கப்போகும் தொகையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சேர்க்கைக்கு ஆள் பிடிக்க வருவோர் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள்.

பெயரும் இன்ஷியலும்

நம் ஊரில் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை இன்ஷியலாகப் போட்டுக்கொள்கிறோம். மதிப்பெண் சான்றிதழில் இன்ஷியல் பெயருக்கு முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், வங்கிப் புத்தகத்திலோ தந்தையின் முழுப்பெயரே மாணவரின் பெயரோடு ஒட்டி நிற்கும். மனிதக் கண்ணுக்கு இவை மூன்றும் ஒருவரே என்பது தெரிந்தாலும், பதிவுகளை ஒப்பிடும் மென்பொருளுக்கு அவை மூன்று வேறு ஆட்கள். பிறந்த தேதியில் ஓர் எண் மாறியிருந்தாலும் நிலைமை இதுவே.

இதனைத் திருத்தும்போது எதை எதற்கு ஏற்ப மாற்றுவது என்பதில் அவசரப்படக் கூடாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரையும் பிறந்த தேதியையும் மாற்றுவது நெடிய நடைமுறை என்பதால், அதனையே அடிப்படையாகக் கொண்டு ஆதாரையும், பின்னர் வங்கிக் கணக்கையும் திருத்திக்கொள்வதே எளிது. ஆதாரில் பிறந்த தேதியை மாற்றும் வாய்ப்புக்கு வரம்பு இருப்பதால், மையத்தில் தட்டச்சு செய்யப்பட்டதை ஒப்புதல் கொடுப்பதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். மேலும், பதினைந்து வயதைக் கடந்ததும் கைரேகையையும் முகப்படத்தையும் புதுப்பிக்க வேண்டும் என்ற விதியைப் பலர் பின்பற்றுவதில்லை. தேசியக் கல்வி உதவித்தொகை இணையதளத்தின் ஒருமுறைப் பதிவில் முகத்தை அடையாளம் காணும் சோதனை இருக்கிறது. ஐந்து வயதில் எடுத்த படத்தோடு பதினேழு வயது முகம் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

சான்றிதழ்கள்

சாதிச் சான்றிதழுக்குக் காலவரம்பு இல்லை. வருமானச் சான்றிதழுக்கு உண்டு. பதினொன்றாம் வகுப்பில் வாங்கியதைப் பதிவேற்றிவிட்டு நிராகரிக்கப்படும் விண்ணப்பங்கள் ஆண்டுதோறும் உண்டு. கையால் எழுதப்பட்ட பழைய சாதிச் சான்றிதழை வைத்திருப்பவர்கள், இ-சேவை மையம் மூலம் மின்னணுச் சான்றிதழாகப் பெற்றுக்கொள்வது நல்லது. இணையதளங்கள் கேட்பது அதில் உள்ள எண்ணைத்தான். ஜூன், ஜூலையில் வட்டாட்சியர் அலுவலகங்களில் விண்ணப்பங்கள் குவியும் என்பதால், தேர்வு முடிவுக்குக் காத்திராமல் ஏப்ரலிலேயே விண்ணப்பிக்கலாம். வருமானத்தை வேண்டுமென்றே குறைத்துக் காட்டுவது சாமர்த்தியம் என்று கருதுவோர் உண்டு. தந்தையின் சம்பளச் சீட்டோ வருமான வரிக் கணக்கோ வேறு எண்ணைச் சொன்னால், பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்த நேரிடும்.

வங்கிக் கணக்கு

தகுதியும் சான்றிதழும் சரியாக இருந்தும் பணம் வராமல் போவது பெரும்பாலும் இங்குதான். வங்கியில் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் தவறு. அது கணக்கு வைத்திருப்பவரை அடையாளம் காண்பதற்கு மட்டுமே பயன்படும். அரசுப் பணம் ஆதார் எண் வழியாக வருவதற்கு, அந்தக் கணக்கு தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் பட்டியலில் ஆதாரோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குத் தனி ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும்.

ஓர் ஆதார் எண்ணுக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கி மட்டுமே அப்பட்டியலில் இருக்கும். கடைசியாக இணைத்தது முந்தையதை நீக்கிவிடும். புதிய சிம் கார்டு வாங்கியபோதோ ஒரு செயலியைப் பயன்படுத்தத் தொடங்கியபோதோ திறக்கப்பட்ட கணக்குக்கு உதவித்தொகை போய்ச் சேர்ந்திருக்க, மாணவர் கல்லூரி அருகிலுள்ள வங்கியில் பாஸ்புக்கை அச்சடித்துப் பார்த்துக்கொண்டிருப்பது நடக்கக்கூடியதே. எந்த வங்கி இணைந்திருக்கிறது என்பதை ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் உடனே பார்க்கலாம்.

பள்ளியில் படிக்கும்போது திறந்த சிறார் கணக்கு, பதினெட்டு வயது நிறைந்ததும் உரிய ஆவணங்களைக் கொடுத்துப் புதுப்பிக்கப்படாவிட்டால் முடங்கும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வரவு செலவு இல்லாத கணக்கும் செயலற்றதாகிவிடும்.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பெறும் ஆதிதிராவிட மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் 60 விழுக்காடு ஒன்றிய அரசின் பங்கு, 40 விழுக்காடு மாநில அரசின் பங்கு. மாநிலத்தின் பங்கு முதலில் வரும், ஒன்றியத்தின் பங்கு பின்னர் நேரடியாக மாணவரின் கணக்குக்கு வரும். முதல் தவணை வந்தவுடன் எல்லாம் முடிந்தது என்று கணக்கை மாற்றிக்கொண்டால் இரண்டாவது தடைபடும். அத்தொகையில் கல்லூரிக்குச் செலுத்த வேண்டிய கட்டணமும் அடங்கியிருக்கலாம் என்பதால், அதனை வேறு செலவுக்கு எடுப்பதற்கு முன் கல்லூரியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சமர்ப்பித்த பிறகு

விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டது என்ற குறுஞ்செய்தி பாதி வழியையே குறிக்கிறது. கல்லூரியின் பொறுப்பு அலுவலர் அதனைச் சரிபார்த்து மேலே அனுப்பாவிட்டால் கடைசித் தேதியோடு அது காலாவதியாகும். இணையதளத்தில் குறை உள்ளதாகத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் திருத்தி மீண்டும் அனுப்பலாம். நிராகரிப்பு என்றிருந்தால் அந்த ஆண்டுக்குப் பெரும்பாலும் வழியில்லை. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வாரம் ஒருமுறையாவது உள்நுழைந்து பார்க்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தவர்கள் அங்குள்ளவரின் கைப்பேசி எண்ணைக் கொடுத்திருந்தால் ஓடிபியும் எச்சரிக்கையும் அவருக்கே போகும். விண்ணப்பிக்கக் கட்டணம் கேட்பவர், உதவித்தொகையை விடுவிக்க ஓடிபி கேட்பவர் ஆகியோர் அரசின் சார்பில் பேசுபவர்கள் அல்லர்.

மாநிலத் திட்டங்களுக்குக் கல்லூரி வழங்கும் யூமிஸ் எண் (உயர்கல்வி மாணவர்களுக்கான அரசுத் தகவல் தளத்தின் அடையாள எண்) தேவைப்படுகிறது. அது பள்ளி மாணவர்களுக்கான தகவல் தளத்தின் எமிஸ் எண்ணோடு தொடர்புபடுத்தப்படுவதால், பள்ளியை விட்டு வரும்போதே எமிஸ் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை கிடைத்துவிட்டால் தானாகவே தொடரும் என்று நினைப்பதும் தவறே. மத்தியத் துறை உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்க 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகைப்பதிவும் தேவை. இரண்டாம் ஆண்டில் புதுப்பித்தல் என்பதற்குப் பதிலாகப் புதிய விண்ணப்பம் என்ற பிரிவில் நுழைந்துவிட்டால், மதிப்பெண் குறையாதவரும் அவ்வாண்டுத் தொகையை இழப்பார்.