மனையும் பங்கும் விற்றவர்கள் செய்யும் தவறுகள்

ஜூலை கடைசி வாரத்தில் என் மேசைக்கு வரும் கோப்புகளில் புதிதாக எதுவும் இருப்பதில்லை. முதன்முறையாக மனை விற்றவர், முதன்முறையாகப் பங்கில் லாபம் பார்த்தவர் என்று ஆட்கள்தான் மாறுகிறார்கள். வரி ஆலோசகனாகும் முன் நானே செய்த கோளாறுகளைத்தான் அவர்களும் செய்துவிட்டு வந்து நிற்கிறார்கள். பான் எண்ணைப் பிழையாக எழுதுவது, ரசீதைத் தொலைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். கீழே வரும் வருமான வரிப் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியானவை. 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்தைப் பிடிக்கும் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்கள் வேறு.

“பணம் வங்கியில்தானே இருக்கிறது?”

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

மனையை விற்ற பணத்தில் வீடு வாங்கினாலோ கட்டினாலோ பிரிவு 54எஃப் வரிவிலக்கு தருகிறது. வாங்க 2 ஆண்டு, கட்ட 3 ஆண்டு அவகாசம். எல்லோரும் இதுவரை படிக்கிறார்கள், படித்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அடுத்த வரியை யாரும் படிப்பதில்லை. வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு நாளுக்குள், அதாவது பெரும்பாலோருக்கு ஜூலை 31-க்குள், வீட்டில் போடாத மிச்சப் பணம் ‘மூலதன ஆதாயக் கணக்கு’ என்ற தனிக் கணக்கில் இருந்தாக வேண்டும். 1988-இல் வந்த திட்டம் அது. அங்கீகாரம் பெற்ற வங்கிகளில் மட்டுமே திறக்க முடியும்; கிராமப்புறக் கிளைகளில் திறக்க முடியாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். 10 லட்சத்துக்கு வாங்கிய மனையை 50 லட்சத்துக்கு விற்றார். வீட்டுக்கு வரைபடம்கூடத் தயார். பணத்தைச் சாதாரண வைப்புநிதியில் போட்டிருந்தார். “எந்தக் கணக்காக இருந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதான் சார்” என்று வங்கியில் சொன்னார்களாம். என்னிடம் வந்தது ஆகஸ்ட்டில். ஒரு ரூபாயைக்கூட அவர் வீணாக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் 40 லட்சம் லாபத்துக்கு 12.5 சதவீதம் என்றால் 5 லட்சம். அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி சேர்த்து 5.20 லட்சம். ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பாததற்கு இந்த விலை.

தாமதமாகத் தாக்கல் செய்யும் ரிட்டர்னுக்கான கெடுவுக்குள் பணம் வீடு வாங்கவோ கட்டவோ செலவாகியிருந்தால் விலக்குத் தரலாம் என்று சில உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருப்பது உண்மை. அதை இணையத்தில் படித்துவிட்டு என்னிடமே வாதாடுபவர்கள் உண்டு. அந்தத் தீர்ப்பைக் காட்டி விலக்கு வாங்க மேல்முறையீடு, நோட்டீஸ், வாய்தா என்று எத்தனை ஆண்டு அலைய வேண்டியிருக்கும் என்பதை அந்தக் கட்டுரைகள் சொல்வதில்லை. அதைவிட, வங்கிக்கு ஒரு நடை போய்வருவது எளிது.

கணக்கைத் திறந்ததோடு வேலை முடிந்துவிடாது. அதிலிருந்து எடுக்கும் பணத்தை 60 நாட்களுக்குள் வீட்டுக்குச் செலவிட வேண்டும். வீடு கட்டுவதற்கான 3 ஆண்டு அவகாசம் முடியும்போது செலவாகாமல் கிடக்கும் பணத்துக்குரிய லாபம் அந்த ஆண்டின் வருமானமாகிவிடும்.

லாபத்தை மட்டும் வீட்டில் போடுவது

அதே ஆசிரியர் 40 லட்சத்துக்கு வீடு வாங்கியிருந்தாலும் முழு விலக்குக் கிடைத்திருக்காது. 54எஃப் பார்ப்பது விற்ற தொகை முழுவதையும். 50-இல் 40 போட்டால் 32 லட்சத்துக்குத்தான் விலக்கு. மீதி 8 லட்சத்துக்கு வரி உண்டு. வீட்டை விற்று வீடு வாங்கும் பிரிவு 54-இல் லாபத்தை மட்டும் போட்டால் போதும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. விற்ற நாளில் ஒன்றுக்கு மேல் வீடு வைத்திருந்தால் 54எஃப் கதவே திறக்காது.

ரொக்க முன்பணம்

மனைக்கான முன்பணம் 20,000 ரூபாயைத் தொட்டால் ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதம்.

மனைவி பெயரில் பங்கு

பணம் உங்களுடையது என்றால் வருமானமும் உங்கள் கணக்கில்தான் சேரும். பிரிவு 64.

நட்டம் வந்த ஆண்டில் சும்மா இருப்பது

பங்கில் நட்டம், கட்ட வரியில்லை, ரிட்டர்ன் எதற்கு என்று கேட்கிறார்கள். நட்டத்தை 8 ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் சென்று பிறகு வரும் லாபத்தில் கழிக்கலாம். ஆனால் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். நீண்டகால நட்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டுமே கழிக்க முடியும். குறுகியகால நட்டத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

கடன் முற்றியபின் சொத்தை மாற்றி எழுதுவது

தொழில் நொடித்து, நோட்டீஸ் வந்தபிறகு வீட்டைத் தான செட்டில்மெண்ட் செய்துவிட்டு வந்து, “இனி யாரும் தொட முடியாதே?” என்று கேட்கிறார்கள். தொடலாம். கடன் கொடுத்தவர்களை ஏய்க்கும் நோக்கத்தில் செய்த மாற்றத்தை 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், பிரிவு 53-இன் கீழ் அவர்கள் நீதிமன்றத்தில் செல்லாததாக்க முடியும். சொத்தைக் காக்கும் ஏற்பாடு கடன் வாங்கும் முன் நடக்க வேண்டியது. தொழிலைச் சொந்தப் பெயரில் நடத்தாமல் கம்பெனியாகவோ எல்.எல்.பி.யாகவோ (கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம்) பதிவு செய்வது அதில் ஒரு வழி. பதிவு செய்துவிட்டு அதே கம்பெனியின் கடனுக்குச் சொந்தப் பெயரில் ஜாமீன் கையெழுத்தும் போட்டால், எந்த வீட்டைக் காக்க இத்தனையும் செய்தீர்களோ அதுவே மறுபடி கடனுக்குப் பொறுப்பாகிவிடும்.

நாமினி

நாமினி, அதாவது நம் காலத்துக்குப் பின் வாங்கிக்கொள்ள நாம் கணக்கில் பெயர் எழுதிவைப்பவர், உரிமையாளர் அல்ல. பங்குகளுக்கும் இதுதான் நிலை என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்கில் தம்பியின் பெயரை எழுதிவைத்துவிட்டு, பங்கு மனைவிக்குப் போக வேண்டும் என்று மனதில் மட்டும் நினைத்திருப்பவர்கள் என் வாடிக்கையாளர்களிலேயே இருக்கிறார்கள். உயில் இல்லாவிட்டால், பங்குகளைக் கையில் வாங்கும் தம்பி அவற்றைச் சட்டப்படியான வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்க மறுத்தால் மனைவி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.